படியும் தராசும்: உலர்ந்த பொருளை எடையாக்கும் கணக்கு

ரேஷன் கடையில் வாங்கினாலும் செங்கல்பட்டு பஜாரில் மளிகைக் கடையில் வாங்கினாலும், அரிசி நம் வீட்டுக்குக் கிலோவில்தான் வருகிறது. உலைக்குப் போகும்போது மட்டும் அது டம்ளராகவோ, ஆழாக்காகவோ, குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பாகவோ மாறிவிடுகிறது. மாதச் செலவு கிலோவில், சமையல் டம்ளரில். இந்த இரண்டையும் இணைக்கச் சமையல் நூல்களில் வழக்கமாக ஓர் அட்டவணையைக் கொடுத்துவிட்டு அத்தியாயத்தை முடித்துவிடுவார்கள்: ஒரு கப் மைதா இத்தனை கிராம், ஒரு கப் ரவை இத்தனை கிராம். அப்படிப்பட்ட அட்டவணையை இங்கே தரவில்லை. காரணம், கொள்ளளவை எடையாக மாற்றும் எண் பொருளை மட்டும் பொறுத்ததாக இல்லை. எந்தப் பாத்திரம், எப்படி நிரப்பினோம், மாவு எவ்வளவு நைசாக அரைபட்டது, அரைத்து எத்தனை நாளாயிற்று என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டுப் பாத்திரத்தை வைத்து, உங்கள் வீட்டுப் பொருளை வைத்து, நீங்களே ஒருமுறை அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். கீழே வரும் எண்கள் உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவே.

அடுத்தவர் அளவை நம்பி எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சீமையின் பழைய கணக்குகளே சாட்சி. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அதன் ஊர்களை அளந்து, வீடு, நிலம், விளைச்சல் எல்லாவற்றையும் பதிவு செய்தார். ஊர்க் கணக்குகள் தமிழில் ஓலையில் இருந்தன; விளைச்சல் எல்லாம் கலத்தில். இன்று அந்தக் கணக்கைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் அதை டன்னாக்க வேண்டும். கலம் என்றால் 12 மரக்கால். மரக்காலுக்கு எத்தனை படி? சென்னை வாய்பாட்டில் 8. மற்ற சீமைகளில் வேறு. படி எவ்வளவு? பட்டணம் படி ஏறத்தாழ 1.7 லிட்டர். இன்று தமிழ் அளவைப் பட்டியல்களில் அடிக்கடி காணும் படியோ, ஆழாக்குக்கு 168 மில்லி வீதம் 8 ஆழாக்கு, அதாவது 1.34 லிட்டர். இரண்டுக்கும் பெயர் படிதான். அரிசி அளந்தால் ஒன்றில் 1.4 கிலோ பிடிக்கும், மற்றதில் 1.1 கிலோ. எந்தக் கலம், எந்தப் படி என்று முதலில் முடிவு செய்யாமல் அந்த ஓலைகளிலிருந்து ஒரு ஏக்கர் விளைச்சலைச் சொல்லவே முடியாது. பாட்டி காலத்துப் பித்தளைப் படியை வைத்திருக்கும் வீட்டுக்கும் இதே சிக்கல்தான்.

முன்னோருக்கு இது தெரியாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல் அளந்ததைச் சொல்லும்போது, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று அளவையின் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. அது ராஜகேசரி என்ற அளவைக்குச் சமம் என்றும் குறித்துவைத்திருக்கிறார்கள். அளவைச் சொல்பவர் அளந்த பாத்திரத்தையும் சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கு அது. அதே கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதமும் வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் 40 சதவீதம்தான் அரிசியாகத் தேறியது போலத் தோன்றும். ஆனால் அது கொள்ளளவுக் கணக்கு. ஒரு லிட்டர் நெல் 580 கிராம் அளவில் நிற்கும்; ஒரு லிட்டர் அரிசி 800 கிராமுக்குக் குறையாது. ஐந்து லிட்டர் நெல் 2.9 கிலோ, இரண்டு லிட்டர் அரிசி 1.6 கிலோ. எடையில் 55 சதவீதம் தேறுகிறது. இன்று அரசு கொள்முதல் நெல்லை அரைக்கும் ஆலைகள் பச்சரிசியில் 67, புழுங்கலரிசியில் 68 சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கையால் குத்தி, புடைத்து, நொய் நீக்கிச் சாமிக்குப் படைத்த அரிசிக்கு 55 என்பது நியாயமான கணக்கே. கொள்ளளவை எடை என்று நினைத்துப் படித்தால் பழைய கணக்குப்பிள்ளைகள் மேல் வீண்பழி விழும்.

பழைய சந்தையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நெல், அரிசி, பருப்பு எல்லாம் படியிலும் மரக்காலிலும் அளக்கப்பட்டன. புளி, வெல்லம், மிளகாய், மஞ்சள் ஆகியவை பலத்திலும் வீசையிலும் நிறுக்கப்பட்டன. மூன்று தோலா ஒரு பலம், இன்றைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. இந்தப் பிரிவினை தற்செயலானதல்ல. மணியாக உருண்டு, ஒரே மாதிரி படிந்து நிற்கும் பொருளைப் பாத்திரத்தால் அளக்கலாம். கட்டியாகவும் கோணலாகவும் இருக்கும் பொருளை அப்படி அளந்தால் பாதிப் பாத்திரம் காற்றுதான். 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்து, கடையில் எல்லாமே கிலோவானது. அடுப்படிக்குள் மட்டும் அது முழுசாக நுழையவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் நூல் 1951இல் வெளிவந்தது. அதாவது அந்தச் சட்டத்துக்கு ஐந்து ஆண்டு முன்பு. அந்தத் தலைமுறை ஆழாக்குக் கணக்கில் கற்றுக்கொடுத்த சமையலைத்தான் நாம் இன்றைக்கும் கையில் கிடைத்த டம்ளரில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்தின் மையம் காற்று. ஒரு டம்ளர் அரிசியில் ஏறக்குறைய 45 சதவீதம் மணிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம். மணிகள் கெட்டியானவை என்பதால் டம்ளரைத் தட்டினாலும் அந்த வெற்றிடம் கொஞ்சம்தான் குறையும். அதனால் 200 மில்லி டம்ளரில் பச்சரிசியோ இட்லி அரிசியோ தலைதட்டி எடுத்தால் 160 முதல் 170 கிராம் என்று எந்த வீட்டிலும் வரும். துவரம்பருப்பும் உளுந்தும் சர்க்கரையும் இதையொட்டியே நிற்கும். ரவை 140 பக்கம். அதே அரிசியை மாவாக்கினால் கதை வேறு. மாவுத் துகளும் அரிசியும் ஒரே பொருள்தான், ஆனால் துகளுக்குத் துகள் ஒட்டிக்கொண்டு நடுவில் காற்றைத் தாங்கிப் பிடிக்கும். சலித்துக் கரண்டியால் தூவி நிரப்பினால் அதே டம்ளரில் அரிசி மாவு 105 கிராமைச் சுற்றி நிற்கும். டப்பாவுக்குள் டம்ளரை விட்டு அழுத்தி மொண்டால் 150 வரை போகும். கோதுமை மாவு 95இலிருந்து 130 வரை ஊசலாடும். கடலை மாவு இன்னும் லேசானது, 80இலிருந்து 100. அவலின் எடை அரிசியில் ஏறக்குறைய பாதிதான். ஆயுத பூஜைக்குப் படிக் கணக்கில் வாங்கும் பொரியை நிறுத்துப் பார்த்தால் ஒரு படிக்கு நூறு கிராம் வந்தாலே பெரிது. ஆகவே மணிக்கு எண் ஒன்று, மாவுக்கு எண் ஒரு வீச்சு. ‘ஒரு கப் மாவு 125 கிராம்’ என்று அச்சிட்ட வரி, யாரோ ஒருவர் ஒரு நாள் நிரப்பிய விதத்தைத்தான் சொல்கிறது.

வீட்டு அட்டவணை போடும் வழி இது. சமதளத்தில் டிஜிட்டல் தராசை வைத்து, தினமும் பயன்படுத்தும் டம்ளரைக் காலியாக அதன்மேல் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம் என்பதால், தராசு காட்டும் எண்ணே உங்கள் டம்ளரின் கொள்ளளவு. கடையில் 200 மில்லி என்று சொல்லிக் கொடுத்த டம்ளர் 180 ஆகவோ 230 ஆகவோ இருப்பது சாதாரணம். துடைத்து நன்றாகக் காயவைத்த பின், அரிசியைக் குவித்து நிரப்பி, கத்தியின் முதுகால் தலைதட்டி நிறுங்கள். மூன்று தடவை செய்து நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எடையைக் கொள்ளளவால் வகுத்தால் வருவது எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்தும் எண். டம்ளர் 210 மில்லி, அரிசி 172 கிராம் என்றால் 0.82. அலமாரியில் இருக்கும் படி தண்ணீர்க் கணக்கில் 1.7 லிட்டர் என்று தெரிந்தால், அதில் அரிசி 1.39 கிலோ பிடிக்கும் என்று அளக்காமலே சொல்லிவிடலாம். மாவுக்கு மட்டும் இரண்டு முறை செய்ய வேண்டும்: ஒன்று தூவி, ஒன்று மொண்டு. இரண்டில் எது உங்கள் வீட்டு வழக்கம் என்று ஒன்றை முடிவு செய்து அதையே எழுதுங்கள். குவித்து அளப்பதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். குவியலின் உயரம் கைக்குக் கை மாறும். வாய் அகன்ற பாத்திரத்தில் அது கால் பங்கு வரைகூடச் சேர்த்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் மிக வலுவான வாதம், விகிதம் சரியாக இருந்தால் டம்ளர் எதுவானால் என்ன என்பது. நாலுக்கு ஒன்று என்று இட்லிக்குப் போடுகிறவர் எந்த டம்ளரை எடுத்தாலும் நாலுக்கு ஒன்றுதானே. இது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. அரிசியும் உளுந்தும் ஒரே அளவு காற்றோடு படிகிற மணிகள் என்பதால் கொள்ளளவில் நாலுக்கு ஒன்று எடையிலும் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்றாகவே இருக்கும். இட்லி மாவுக்குத் தராசு தேடுகிறவர் நேரத்தை வீணாக்குகிறார். ஆனால் விகிதத்தின் பாதுகாப்பு மணியோடு முடிந்துவிடுகிறது. முறுக்குக்கு நாலு டம்ளர் அரிசி மாவு, ஒரு டம்ளர் உளுத்தம் மாவு என்றால் இரண்டுமே மாவு. டப்பாவில் இறுகிக் கிடந்த அரிசி மாவை மொண்டு, அன்றைக்கு மிக்ஸியில் அடித்துப் பொலபொலவென்று இருக்கும் உளுத்தம் மாவைத் தூவிப் போட்டால், நாலுக்கு ஒன்று என்பது எடையில் ஐந்தரைக்கு ஒன்றாகிவிடும். முறுக்கு கடினமாகிறது, குற்றம் அரிசி மேலோ எண்ணெய் மேலோ விழுகிறது. நாலு டம்ளர் அரிசி மாவு என்பது தூவினால் 420 கிராம், மொண்டால் 600 கிராம். வீட்டுக்குச் செய்கிறவருக்கு 180 கிராம் பெரிய விஷயமில்லை. முறுக்கும் தட்டையும் போட்டு விற்கும் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு அது பெரிய விஷயம். பாக்கெட்டின் மேல் நிகர எடையைக் கிராமில் அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. விற்பது கிராமில், செய்வது டம்ளரில் என்றால் ஒரு ஈட்டுக்கு எத்தனை பாக்கெட் தேறும் என்பது ஒவ்வொரு நாளும் ஜோசியம்தான்.

உப்புக்குச் செங்கல்பட்டுக் கடற்கரையில் தனிக் கவனம் வேண்டும். கோவளம், கேளம்பாக்கம் பக்கமும் தெற்கே செய்யூரிலும் உப்பளங்கள் இருப்பதால் கல் உப்பு இங்கே அந்நியப் பொருளல்ல. பல வீடுகளில் கல் உப்பும் தூள் உப்பும் பக்கத்துப் பக்கத்து ஜாடியில் இருக்கும். 15 மில்லி மேஜைக்கரண்டியில் தூள் உப்பு தலைதட்டி 18 கிராம் நிற்கும். கல் உப்பு அதே கரண்டியில் 13 முதல் 16 கிராம். கல் பெரிதாக இருந்தால் இன்னும் குறையும். கல் உப்புக்குச் சொன்ன கரண்டிக் கணக்கைத் தூள் உப்புக்கு அப்படியே போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட உப்பு கூடிக் கரிக்கும். குழம்பில் இதை ருசி பார்த்துச் சரிசெய்யலாம். இட்லி மாவிலும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் அது முடியாது. இட்லி மாவுக்கு அரிசி, உளுந்து இரண்டின் மொத்த எடையில் 2 சதவீத உப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்துக்கு 25 கிராம். கல்லோ தூளோ கவலையில்லை. மீனை உலர்முறையில் உப்பிடுவதற்குச் சொல்லப்படும் அளவும் எடையில்தான்: மீனின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. உப்பு குறைந்தால் மீன் கெடும் என்பதால் அங்கே கூடைக்கு இத்தனை படி என்ற கணக்கு ஆபத்தானது.

இங்கே வேறொரு எதிர்ப்பு எழும். கடற்கரையில் எடையை மட்டும் நம்ப முடியுமா, மாவும் உப்பும் ஈரம் இழுக்கின்றனவே என்பது. கேள்வி சரியானது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே தண்ணீர் விடத் தொடங்கும். அதில் மக்னீசியம் கலந்திருந்தால் அதற்கும் முன்னாலேயே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாமல்லபுரத்து உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் தெரியும். அப்போது நிறுக்கும் 25 கிராமில் கொஞ்சம் தண்ணீர். ஆனால் அளவைப் பாருங்கள்: மூடிவைத்த மாவு ஈரத்தால் எடை கூடுவது நூற்றுக்குச் சில கிராம்தான். டம்ளரை நிரப்பும் விதம் மாறினால் ஏற்படும் வித்தியாசம் நூற்றுக்கு முப்பது, நாற்பது. மேலும் ஈரம் டம்ளர் கணக்கையும் விடுவதில்லை. ஈரமான மாவு கட்டிப்பட்டு இன்னும் தாறுமாறாக நிரம்பும். தராசின் பிழை சின்னது, ஒரே திசையில் போவது. உப்பை வாணலியில் லேசாகச் சூடு காட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அதுவும் போயிற்று. விதிவிலக்கு ஒன்றே: ஊறவைத்து வடித்து ஈரத்தோடு இடித்த பச்சரிசி மாவு. அதன் எடையில் நிறையத் தண்ணீர் இருக்கும். அதிரசத்துக்கு அந்த மாவை நிறுப்பதைவிட, ஊறவைக்கும் முன் அரிசியை நிறுத்து வெல்லக் கணக்கை அதோடு பொருத்துவதே சரி.

கைப்பக்குவம் இருக்கும்போது கிராம் எதற்கு என்று கேட்பவர்களிடம் வாதாட வேண்டியதில்லை. அனுபவப்பட்ட கை, மாவின் பதம் பார்த்துத் தண்ணீரைக் கூட்டும், குறைக்கும். கை திருத்துவது தண்ணீரைத்தான். கலந்துவிட்ட உப்பையும் சோடாவையும் கையால் வெளியே எடுக்க முடியாது. அதைவிட முக்கியமாக, கை இடம் மாறாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அம்மா போனில் ‘ரெண்டு டம்ளர் போடு’ என்று சொல்கிறார். அங்கே இருப்பது 237 மில்லி கப். ஆஸ்திரேலியாவில் கப் 250 மில்லி, ஜப்பானில் 200, ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக அப்பமும் கேக்கும் செய்யும் சமையலறைகளுக்கு இதே சிக்கல் எதிர்த் திசையில் வருகிறது: கப் கணக்கில் எழுதிய குறிப்பு எந்த நாட்டுக் கப் என்று தெரியாது. அமெரிக்காவில் 1896இல் ஃபேனி ஃபார்மர் தம் சமையல் நூலில் கப்பையும் கரண்டியையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதனால் குவியல் பிரச்சினை தீர்ந்தது; மாவுக்குள் இருக்கும் காற்றுப் பிரச்சினை அப்படியே நின்றது. ஐரோப்பிய வீடுகளைப் போலத் தராசில் நிறுப்பதன் வசதி இங்கேதான் தெரிகிறது.

தராசும் எல்லாவற்றுக்கும் ஆகாது. வீட்டு டிஜிட்டல் தராசு ஒரு கிராம் வரைதான் பிரித்துக் காட்டும். இரண்டு மூன்று கிராமில் அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன் 3 கிராம், மிளகாய்த்தூள் இரண்டரை, வெந்தயம் மூன்றரைக்கு மேல். இந்த அளவில் ஸ்பூனே நல்லது. பத்து கிராமுக்குக் கீழே ஸ்பூன், அதற்கு மேலே தராசு என்று வைத்துக்கொண்டால் போதும். தராசு சரியாக இருக்கிறதா என்று அறிய எடைக்கல் தேட வேண்டாம்: பத்து ரூபாய் நாணயம் பத்தை ஒன்றாக வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து கிராம் தவறினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் தராசையே மாற்றுங்கள்.

போட்ட அட்டவணையைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி, அதில் டம்ளரின் கொள்ளளவையும் தேதியையும் எழுதிவையுங்கள். மாவு மில்லையோ பிராண்டையோ மாற்றினால் மாவு வரிகளை மட்டும் மறுபடி நிறுத்துத் திருத்துங்கள். அரிசி, பருப்பு வரிகளில், அந்த டம்ளர் இருக்கும் வரை கை வைக்கத் தேவையில்லை.